பெயரும் அந்தரங்கமும்

1

அந்தரங்கம் பற்றி இன்று நடக்கும் பேச்சு பெரும்பாலும் ஒரு பழைய கட்டுரையின் நிழலில்தான் நடக்கிறது. 1890இல் ஹார்வர்ட் சட்ட இதழில் சாமுவேல் வாரன், லூயிஸ் பிராண்டைஸ் என்ற இரண்டு பாஸ்டன் வக்கீல்கள் எழுதியது அது. பத்திரிகைகளும், அப்போது புதிதாக வந்திருந்த கைக் காமிராவும் வீட்டுக்குள் எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்த காலம். தன்னைத் தனியே விட்டுவிடும்படி கேட்க மனிதனுக்கு உரிமை உண்டு என்று அவர்கள் வாதாடினார்கள். ஒரு வீடு, ஒரு கதவு, கதவுக்கு வெளியே நிற்கும் அந்நியன் - இதுதான் அவர்கள் மனத்திலிருந்த சித்திரம். பின்னால் வந்த சட்டங்களும் தீர்ப்புகளும் பெரும்பாலும் இந்தச் சித்திரத்தைத்தான் விஸ்தரித்திருக்கின்றன. கதவு இன்று கடவுச்சொல்லாகியிருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்தச் சித்திரத்துக்குள் அடங்காத ஓர் ஆள் இருக்கிறான். அவன் நோயாளி. தீராத நோய் வந்தவன் தன்னைத் தனியே விடும்படி யாரையும் கேட்பதில்லை. தனியே விடப்பட்டுவிட்டான் என்பதுதான் அவன் பிரச்னை. வீட்டார் அன்பானவர்களாக இருக்கலாம். டாக்டர் திறமைசாலியாக இருக்கலாம். ஆனால் காலையில் சட்டைப் பொத்தானைப் போட விரல் மடங்கவில்லை என்பதன் அர்த்தம், விரல் மடங்காத இன்னொருவனுக்குத்தான் தெரியும். அவனைத் தேடிப் போக வேண்டும், அவனிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்பது நோயின் இயல்பான உந்துதல். கதவைச் சாத்திக்கொள்ளும் உரிமையைப் பற்றி மட்டும் பேசும் ஒரு தத்துவம், கதவைத் திறந்து வெளியே வந்து நிற்பவனுக்கு எதைத் தர முடியும்? இந்தக் கட்டுரை இந்தக் கேள்வியைப் பற்றியது.

வாரனும் பிராண்டைஸும் எழுதிய ஹார்வர்ட் இருக்கும் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில்தான், நூற்றுப் பதினான்கு வருஷங்கள் கழித்து, இந்தக் கேள்வி ஸ்தூலமான வடிவம் எடுத்தது. ஸ்டீபன் ஹேவுட் என்பவர் வீடு கட்டும் தொழில் செய்தவர். 1998இல், இருபத்தொன்பதாவது வயதில், அவருக்கு ஏ.எல்.எஸ். என்ற நோய் இருப்பது தெரிந்தது. தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் படிப்படியாக அழிந்துபோகும் நோய். கை, கால், பேச்சு, விழுங்குதல், கடைசியில் மூச்சு என்று ஒவ்வொன்றாக நிற்கும். பலருக்கு அறிவு மட்டும் கடைசிவரை தெளிவாக இருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும். நோய் தெரிந்தபின் பெரும்பாலானவர்களுக்கு மிஞ்சுவது இரண்டிலிருந்து ஐந்து வருஷங்கள். அவருடைய சகோதரர்கள் ஜேம்ஸும் பெஞ்சமினும் ஜெஃப் கோல் என்ற நண்பரும் சேர்ந்து 2004இல் 'பேஷண்ட்ஸ் லைக் மீ' - என்னைப் போன்ற நோயாளிகள் - என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். நோயாளிகள் தங்கள் உடம்பைத் தாங்களே பதிவு செய்து, ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ளும் இணையதளம் அது. ஸ்டீபன் 2006இல் இறந்துபோனார். தளம் வளர்ந்தது; மற்ற நோய்க்காரர்களும் வந்து சேர்ந்தார்கள்.

அங்கே பதிவு செய்வது எப்படிப்பட்ட காரியம் என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். ஏ.எல்.எஸ். நோயை அளக்க டாக்டர்கள் பயன்படுத்தும் அளவுகோல் ஒன்று உண்டு. பன்னிரண்டு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 4 முதல் 0 வரை மதிப்பெண், மொத்தம் 48. பேச்சு எப்படி இருக்கிறது, விழுங்க முடிகிறதா, கையெழுத்துப் புரிகிறதா, உடுத்திக்கொள்ள முடிகிறதா, படுக்கையில் புரள முடிகிறதா, மாடிப்படி ஏற முடிகிறதா, படுத்தால் மூச்சு முட்டுகிறதா என்பன போன்றவை. நோயாளி தானே இதற்குப் பதில் எழுதுகிறான். மாதாமாதம் எழுத எழுத, பதில்கள் ஒரு கோடாகின்றன. கோடு கீழே இறங்குகிறது. தன்னுடைய கோட்டையும், தன்னைப் போன்ற இன்னொருவனுடைய கோட்டையும் அவன் அருகருகே வைத்துப் பார்க்க முடியும். இன்னும் எத்தனை நாள் பேச்சு இருக்கும் என்று ஓரளவு கணிக்கவும் முடியும். இதைவிட அந்தரங்கமான ஓர் எழுத்து இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் இது மறைப்பதற்காக எழுதப்படுவது அல்ல, காட்டுவதற்காகவே எழுதப்படுவது.

2

2010 மே மாதம் 7ஆம் தேதி, இரவு ஒரு மணிக்கு, இந்தத் தளத்தில் மனநிலை பற்றிப் பேசும் பகுதியில் சந்தேகப்படும்படியான நடமாட்டம் தெரிந்தது. மனச்சோர்வும் அதைச் சேர்ந்த நோய்களும் உள்ளவர்கள் பேசிக்கொள்ளும் இடம் அது. உறுப்பினராகப் பதிவு செய்துகொண்டவர்கள் மட்டுமே உள்ளே வரலாம். புதிதாகச் சேர்ந்திருந்த ஓர் உறுப்பினர், அங்கே எழுதப்பட்டிருந்தவற்றையெல்லாம் ஒன்று விடாமல் நகலெடுத்துக்கொண்டிருந்தார். அந்த 'உறுப்பினர்' மனிதரல்ல, ஒரு மென்பொருள். அதை அனுப்பியது நீல்ஸன் என்ற பெரிய சந்தை ஆய்வு நிறுவனம். ஜனங்கள் எதைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று திரட்டித் தன் வாடிக்கையாளர்களுக்கு விற்பது அதன் தொழில்களில் ஒன்று. வாடிக்கையாளர்களில் மருந்துக் கம்பெனிகளும் உண்டு. விஷயம் வெளியானபின், அந்த வழக்கத்தை விட்டுவிட்டதாக நீல்ஸன் சொன்னது.

இதுவரை கதை எளிது. திருடன் யார், வீட்டுக்காரன் யார் என்பது தெளிவு. அதற்குப் பிறகு நடந்ததுதான் யோசிக்க வைக்கிறது. தளத்தின் தலைவர் பெஞ்சமின் ஹேவுட், நடந்ததை மறைக்காமல் எழுபதாயிரம் உறுப்பினர்களுக்கும் தெரிவித்தார். தெரிவித்ததோடு இன்னொன்றையும் நினைவூட்டினார்: பெயர்களை நீக்கிவிட்டு, உறுப்பினர்கள் தரும் தகவலைத் தங்கள் நிறுவனமே விற்கிறது, ஆரம்பத்திலிருந்தே அதைச் சொல்லித்தான் வந்திருக்கிறது. பெரும்பாலோர் ஆதரவாகவே பதில் எழுதினார்கள் என்று நிறுவனம் சொன்னது. 218 பேர் விலகிப் போனார்கள்.

எழுபதாயிரத்தில் 218 என்பது சொற்பம் என்று ஒரு புள்ளிவிவரக்காரன் சொல்வான். எனக்கு அந்த 218 பேர்மீதுதான் கவனம் போகிறது. அவர்களுடைய பெயர்கள் ஊரில் அம்பலமானதாகச் செய்தி இல்லை. சட்டப்படி பார்த்தால் விற்பனைக்கு அவர்கள் சம்மதம் கொடுத்தவர்களே. பின் ஏன் போனார்கள்? தாங்கள் யாரிடம் பேசிக்கொண்டிருந்தோம் என்பது அன்றுதான் அவர்களுக்குத் தெரிந்தது என்று நான் நினைக்கிறேன். அதுவரை தங்களைப் போன்றவர்களிடம் பேசிக்கொண்டிருப்பதாக நம்பியிருந்தார்கள். எதிரே இருந்த நாற்காலிகளில் வேறு சிலரும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் நோயாளிகள் அல்ல. பதில் சொல்லப்போகிறவர்களும் அல்ல. தகவல் எங்கும் கசியாமலே, பேச்சின் அர்த்தம் மாறிப்போயிற்று.

3

இந்த விவகாரங்களில் எல்லோரும் சொல்லும் சமாதானம் ஒன்று உண்டு: 'பெயரை எடுத்துவிட்டோம்.' பெயர் போனால் ஆளும் போய்விடுகிறான், மிஞ்சுவது வெறும் தகவல் என்பது இதன் தர்க்கம். தமிழ் இலக்கணம் அறிந்தவனுக்கு இந்தத் தர்க்கம் புதிதல்ல. அகத்திணையில் தலைவன் தலைவியின் பெயர் சுட்டப்படக் கூடாது என்பது தொல்காப்பிய விதி. பெயர் வந்துவிட்டால் அது புறம். அந்தரங்கமான அனுபவத்தைப் பொதுவில் வைக்க நம் முன்னோர் கண்ட வழி, அதைப் பெயரற்றதாக்குவது.

ஆனால் பெயரை எடுப்பது போதாது என்பதும் அதே மரபுக்குத் தெரிந்திருந்தது. நெடுநல்வாடையில் அரசனின் பெயர் எங்கும் இல்லை. பிரிவில் வாடும் அரசியின் பெயரும் இல்லை. எல்லா விதத்திலும் அகப்பாட்டாக இருக்க வேண்டியது. ஆனால் பாசறைக் காட்சியில் ஒரு வேல் வருகிறது. அதன் தலையில் வேப்பந்தழை கட்டியிருக்கிறது. வேம்பு பாண்டியனின் அடையாளம். அந்த ஒரு தழை போதும், இது இன்னார் என்று தெரிந்துவிடுகிறது, ஆகவே இது புறம் என்று நச்சினார்க்கினியர் முடிவு கட்டினார். அந்தத் தழை வரும் இடத்தையும் கவனிக்க வேண்டும். நள்ளிரவில் காயம்பட்ட வீரர்களைப் பார்க்க அரசன் வருகிறான். வேம்பு கட்டிய வேலை ஏந்தியவன் முன்னால் நடந்து அவர்களை வரிசையாகக் காட்டுகிறான். காயங்கள் காட்டப்படும் இடத்திலேயே காட்டிக்கொடுக்கும் அடையாளமும் இருக்கிறது.

நச்சினார்க்கினியர் செய்ததையே 1997இல் அதே கேம்பிரிட்ஜ் நகரில் லடான்யா ஸ்வீனி என்ற மாணவி கம்ப்யூட்டரை வைத்துச் செய்தார். மாசசூசெட்ஸ் அரசு ஊழியர்களின் மருத்துவக் காப்பீட்டுப் பதிவுகள் ஆராய்ச்சிக்காகக் கொடுக்கப்பட்டிருந்தன. பெயரும் முகவரியும் நீக்கப்பட்டிருந்தன; ஊழியர்களின் அந்தரங்கத்துக்குப் பங்கமில்லை என்று கவர்னர் வில்லியம் வெல்ட் உறுதி சொல்லியிருந்தார். ஆனால் பிறந்த தேதி, பால், தபால் குறியீட்டு எண் மூன்றும் அதில் விடப்பட்டிருந்தன. ஸ்வீனி 20 டாலர் கொடுத்து கேம்பிரிட்ஜ் வாக்காளர் பட்டியலை வாங்கினார். கவர்னர் பிறந்த அதே தேதியில் பிறந்தவர்கள் ஊரில் ஆறு பேர். அவர்களில் ஆண்கள் மூன்று பேர். அந்தத் தபால் எண்ணில் குடியிருப்பவர் ஒருவர். கவர்னரின் மருத்துவக் குறிப்பு கையில் வந்துவிட்டது. 1990 மக்கள்தொகைக் கணக்கை வைத்து, அமெரிக்கர்களில் நூற்றுக்கு 87 பேரை இந்த மூன்று விவரங்களாலேயே தனித்துப் பிரித்துவிட முடியும் என்று அவர் கணக்கிட்டார். பின்னால் வேறொருவர் கணக்கிட்டபோது அது 63 ஆகக் குறைந்தது. குறைந்த கணக்கின்படியும் பாதிக்கு மேல் ஜனங்கள் தலையில் வேம்பைச் செருகிக்கொண்டுதான் நடமாடுகிறார்கள்.

நோய்க்குள் வந்துவிட்டால் வேம்பு இன்னும் எளிதில் கிடைக்கிறது. அரிய நோய், சிறிய ஊர், நோய் கண்ட மாதம் - இந்த மூன்றும் போதும். ஆகவே நோயாளிக்குச் சில யோசனைகள் சொல்லப்படுகின்றன. அவை நல்ல யோசனைகள், நானும் சொல்வேன். பிறந்த தேதிக்குப் பதில் வயதைக் கொடு, ஊருக்குப் பதில் மாநிலத்தைச் சொல், வேறு இடங்களில் உபயோகிக்கும் புனைபெயரை இங்கே கொண்டுவராதே, முகப்படம் போடாதே, டாக்டர் பெயரும் ஆஸ்பத்திரிப் பெயரும் உன் எழுத்தில் வேண்டாம். கடைப்பிடிக்க முடிந்தவன் கடைப்பிடிக்க வேண்டும்.

இதில் இரண்டு சங்கடங்கள் இருக்கின்றன. ஒன்று, காவல் வேலை முழுவதும் நோயாளியின் தலையிலேயே ஏற்றப்படுகிறது; படுக்கையில் புரள முடியாதவனைப் பார்த்து, நீ ஜாக்கிரதையாக இரு என்கிறோம். இரண்டாவது இன்னும் ஆழமானது. அகப்பாட்டில் பெயரை எடுத்தால் கவிதை கெடுவதில்லை, உண்மையில் பலப்படுகிறது. நோயாளியின் பேச்சு அப்படியல்ல. எந்த வயதில், எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், எந்த மாதத்தில் எது நின்றது என்ற ஸ்தூலமான விவரங்கள்தான் இன்னொரு நோயாளிக்குப் பயன். வேம்பை உதிர்க்க உதிர்க்கப் பேச்சும் உதிர்ந்துபோகிறது. முழுக்கப் பத்திரமான நோயாளி, யாருக்கும் எதுவும் சொல்லாத நோயாளிதான்.

4

பெயரை மறைப்பதில் தீர்வு இல்லையென்றால், நாம் காக்க நினைப்பது என்ன என்று முதலிலிருந்து கேட்க வேண்டியிருக்கிறது. இங்கே நம் மொழி உதவுகிறது என்று எனக்குப் படுகிறது.

2017இல் இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 'பிரைவஸி' அடிப்படை உரிமை என்று புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தபோது, நம் பத்திரிகைகள் அதை அந்தரங்க உரிமை என்றும், தனிமனித ரகசியம் காக்கும் உரிமை என்றும் பலவிதமாக எழுதின. இன்று தனியுரிமை என்ற சொல் நிலைத்து வருகிறது. கச்சிதமான சொல்தான். ஆனால் அதில் வாரன் - பிராண்டைஸின் மூடிய கதவு அப்படியே இருக்கிறது. தன்னந்தனி மனிதன், தனி உடைமை. ரகசியம் என்ற சொல்லோ விஷயத்தின் குணத்தைச் சொல்வது. பூட்டி வைத்த பொருளுக்கு அடைமொழி. அந்தரங்கம் இரண்டிலிருந்தும் வேறுபட்டது. அந்தரங்க நண்பன் என்கிறோம். அந்தரங்கக் காரியதரிசி என்கிறோம். இங்கே அந்தரங்கம் என்பது மறைக்கப்பட்ட விஷயத்தை அல்ல, அதைக் கேட்கத் தகுதி பெற்ற ஆளைக் குறிக்கிறது. நம் மொழி வழக்கில் அந்தரங்கத்துக்கு எப்போதும் ஓர் இரண்டாவது ஆள் உண்டு. ரகசியம் ஒருவனிடமே இருக்க முடியும். அந்தரங்கத்துக்கு இருவர் வேண்டும்.

நான் சொல்ல வருவது இதுதான். நோயாளிகள் கூடிப் பேசும் இடத்தில் காக்கப்பட வேண்டியது ரகசியம் அல்ல, அந்தரங்கம். தகவல் வெளியே போயிற்றா இல்லையா என்பது இரண்டாவது கேள்வி. சொன்னவன் எந்த உறவை நம்பிச் சொன்னானோ அந்த உறவுக்குக் கேட்டவன் உண்மையாக இருந்தானா என்பதே முதல் கேள்வி. நீல்ஸனின் குற்றம் தெரிந்துகொண்டது அல்ல. நோயாளியாக வேஷம் போட்டு வந்து தெரிந்துகொண்டது. பொய்க்கட்டுப் போட்டுக்கொண்டு வார்டுக்குள் வந்து படுத்தவனின் குற்றம் அது. அவன் கேட்ட எதையும் வெளியே சொல்லாவிட்டாலும் அது குற்றமே.

சட்டம் இதைப் பார்ப்பதாகத் தெரியவில்லை. அமெரிக்காவில் 1996இல் வந்த மருத்துவத் தகவல் சட்டம் டாக்டரையும் ஆஸ்பத்திரியையும் காப்பீட்டுக் கம்பெனியையும் கட்டுப்படுத்துகிறது. நோயாளி தானே போய் எழுதும் தளம் பொதுவாக அதற்குள் வருவதில்லை. நம் நாட்டில் 2011இல் வந்த விதிகள் உடல்நிலை, மனநிலை பற்றிய தகவலைக் கூடுதல் கவனத்துக்குரிய தனி வகையாகப் பிரித்துவைத்தன. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அந்தத் தனி வகை இல்லை. அதன் கண்ணில் தொலைபேசி எண்ணும் காசநோயும் ஒரே ஜாதி.

5

இந்த விஷயத்தை நான் என் தொழிலின் வழியாகவும் பார்க்க வேண்டியிருக்கிறது. நான் வங்கிக் குமாஸ்தா. 1970ஆம் வருஷத்து வங்கி தேசியமயச் சட்டத்தின்படி, வேலையில் சேருமுன் ஒவ்வொரு ஊழியனும் விசுவாசமும் ரகசியமும் காப்பதாக உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும். கையெழுத்திட்டுவிட்டு மறந்துவிடுகிறோம். பிற்பாடு பதவி உயர்வுக்குப் படிக்கும்போது, இங்கிலாந்தில் நடந்த ஒரு வழக்கு பாடமாக வருகிறது. 1924ஆம் வருஷச் சட்ட அறிக்கைகளில் உள்ள டூர்னியர் வழக்கு. டூர்னியர் என்பவர் வங்கிக்கு ஒன்பது பவுனும் சில்லறையும் பாக்கி. தவணையில் கட்டுவதாகச் சொல்லித் தவறிவிட்டார். அவருடைய முகவரி கேட்கிற சாக்கில் கிளை மானேஜர் அவர் வேலை பார்த்த கம்பெனிக்குப் போன் செய்து, கணக்கில் பாக்கி இருப்பதையும், ஆள் பந்தயத்தில் பணம் விடுவதாகத் தான் நினைப்பதையும் சொல்லிவிட்டார். டூர்னியரின் வேலை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை.

வாடிக்கையாளர் விஷயத்தை வெளியிட நான்கு காரணங்கள்தான் உண்டு என்று அந்த வழக்கில் நீதிபதிகள் வகுத்தார்கள்: சட்டம் கட்டாயப்படுத்துவது, பொதுமக்களுக்கான கடமை, வங்கியின் சொந்த நலன், வாடிக்கையாளரின் சம்மதம். கணக்கை மூடிய பிறகும் ரகசியம் காக்கும் கடமை மூடப்படுவதில்லை என்பதும் அந்தத் தீர்ப்பில் உண்டு. நூறு வருஷங்களுக்குப் பிறகும் இது நாகரிகமான வரையறை என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் இதுவும் ரகசியத்தைப் பற்றியதே. வாடிக்கையாளர் வங்கிக்குச் சொல்ல வேண்டியிருப்பதை மட்டும் சொல்கிறார் என்று இது வைத்துக்கொள்கிறது.

கவுண்டரில் உட்கார்ந்தவனுக்குத் தெரியும், அப்படி அல்ல. வைப்பு நிதியைக் கெடுவுக்கு முன்னால் உடைக்க ஒரு கையெழுத்துப் போதும், காரணம் கேட்பதில்லை. ஆனால் வருகிறவர்கள் காரணத்தைச் சொல்கிறார்கள். டயாலிசிஸ் என்கிறார்கள், மார்பில் கட்டி என்கிறார்கள், மகனுக்கு ராத்திரியில் வலிப்பு வருகிறது என்கிறார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருக்கும் எனக்கு அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை என்பது அவர்களுக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் சேமித்த பணத்தை உடைக்கிற ஒரு மனிதர், தான் ஊதாரி அல்ல என்பதை எதிரே இருக்கும் இன்னொரு மனிதன் அறிய வேண்டும் என்று விரும்புகிறார். அது தகவல் தருவது அல்ல, சாட்சி கேட்பது. அந்த நேரத்தில் நான் என்ன செய்ய வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. தலையை நிமிர்த்திக் கேட்க வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. அந்தரங்கத்தின் விதி முழுவதும் இந்த இரண்டிலும் அடங்கிவிடுகிறது என்று நினைக்கிறேன். ரகசியச் சட்டங்கள் இரண்டாவதை மட்டும் கேட்கின்றன.

6

இதற்கு எதிராக ஒரு பலமான வாதம் உண்டு. அதைச் சந்திக்காமல் மேலே போவது நேர்மை ஆகாது. சாகப்போகிறவனுக்கு அந்தரங்கம் ஆடம்பரம். தகவல் திறந்து கிடந்தால்தான் மருந்து கண்டுபிடிக்க முடியும். மறைப்பதால் செத்துப்போகிறவர்களுக்கு யார் பொறுப்பு? ஹேவுட் சகோதரர்கள் ஏறக்குறைய இதையே சொன்னார்கள். அந்தரங்கக் கொள்கை போலவே திறந்த தன்மைக்கும் ஒரு கொள்கை அறிக்கை அவர்கள் தளத்தில் இருந்தது. சகோதரன் இறந்துகொண்டிருப்பதைப் பார்த்தவர்கள் சொன்ன வாதம். சந்தைக்காரனின் வாதம் என்று ஒதுக்கிவிட முடியாது.

அதற்குச் சான்றும் உண்டு. 2008இல் இத்தாலிய ஆராய்ச்சியாளர்கள் சிலர், லித்தியம் என்ற மருந்து ஏ.எல்.எஸ். நோயைத் தாமதப்படுத்துவதாக ஒரு சிறு ஆய்வை வெளியிட்டார்கள். லித்தியம் கொடுக்கப்பட்டவர்கள் 16 பேர். சாதாரண மருத்துவ ஆராய்ச்சி இதைச் சரிபார்க்க வருஷங்கள் ஆகும். நோயாளிகளுக்கு அந்த வருஷங்கள் இல்லை. பலர் தாங்களே டாக்டரைக் கேட்டு லித்தியம் சாப்பிட ஆரம்பித்து, தங்கள் கோடுகளைத் தளத்தில் பதிவு செய்தார்கள். அப்படி 149 பேரின் பதிவுகளை, அவர்களைப் போலவே நோய் முன்னேறிக்கொண்டிருந்த, மருந்து சாப்பிடாத மற்றவர்களின் பதிவுகளோடு ஒப்பிட்டு, 2011இல் 'நேச்சர் பயோடெக்னாலஜி' இதழில் முடிவை வெளியிட்டார்கள்: ஒரு வருஷம் கழித்துப் பார்த்ததில் லித்தியத்தால் பலன் இல்லை. பின்னால் நடந்த முறையான பரிசோதனைகளும் இதையே சொல்லின.

விடை 'இல்லை' என்றுதான் வந்தது. ஆனாலும் அது பெரிய காரியம். வீண் நம்பிக்கையிலிருந்து பலரைக் காப்பாற்றிய காரியம். ஆனால் இது எதை நிரூபிக்கிறது? அந்த நோயாளிகள் என்ன கேள்விக்காகத் தங்கள் கோடுகளை எழுதினார்களோ அதே கேள்விக்குத்தான் பதில் வந்தது. பதில் அவர்களிடமே திரும்பியும் வந்தது. கேட்டவர்கள் தங்களை யார் என்று சொல்லிக்கொண்டு கேட்டார்கள். அந்தரங்கம் மீறப்படாமலே தகவல் ஆராய்ச்சிக்குப் பயன்பட முடியும் என்பதற்கு இதுவே உதாரணம். அந்தரங்கம் வேண்டாம் என்பதற்கு அல்ல. லித்தியம் ஆய்வாளனும் நீல்ஸனின் மென்பொருளும் படித்தது ஒரே மாதிரியான பக்கங்களை. பெயர் இருவருக்கும் தேவைப்படவில்லை. ஒருவர் செய்தது உதவி, மற்றவர் செய்தது துரோகம். பெயரை நீக்கியாயிற்றா என்பதையே அளவுகோலாக வைத்துக்கொண்டால் இந்த வித்தியாசம் கண்ணில் படவே படாது.

சம்மதம் என்ற சொல்லையும் இங்கே சந்தேகிக்க வேண்டும். கணக்குத் தொடங்க வருகிறவர் படிவம் பிடிக்காவிட்டால் அடுத்த தெருவில் இருக்கும் வங்கிக்குப் போகலாம். ஏ.எல்.எஸ். நோயாளி எங்கே போவான்? தன்னைப் போன்றவர்கள் கூடியிருக்கும் ஒரே கூடம் அது என்றால், வாசலில் நீட்டப்படும் எந்தக் காகிதத்திலும் அவன் கையெழுத்திடுவான். விலகிப்போன 218 பேரைப் போல, விலகாமல் இருந்தவர்களிலும் எத்தனையோ பேர் விலக விரும்பியிருக்கலாம். தேவையின் கழுத்தில் கயிற்றைப் போட்டு வாங்கிய சம்மதத்தைச் சம்மதம் என்று சட்டம் சொல்லலாம். விமர்சகன் சொல்ல வேண்டியதில்லை.

7

கடைசியாக, காலம். வாக்குக் கொடுத்தவர்கள் நல்லவர்கள் என்றே வைத்துக்கொள்வோம். வாக்கு எத்தனை நாள் நிற்கும்? 2017இல் சீனாவின் ஷென்ஜென் நகரைச் சேர்ந்த ஐகார்பன்எக்ஸ் என்ற நிறுவனம் பேஷண்ட்ஸ் லைக் மீயில் பெரும்பங்கை வாங்கியது. அமெரிக்கரின் நோய்த் தகவல் சீனக் கையில் இருக்கக் கூடாது என்ற கவலையில், 2019இல் அமெரிக்க அரசின் குழு அந்தப் பங்கை விற்றுவிடச் சொன்னது. அதே வருஷம் யுனைட்டெட்ஹெல்த் குழுமம் நிறுவனத்தை வாங்கியது. அமெரிக்காவின் மிகப் பெரிய மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனி அந்தக் குழுமத்தைச் சேர்ந்தது. தவறு ஏதும் நடந்ததாக நான் சொல்லவில்லை. தன் சகோதரனுக்காக ஒருவர் கட்டிய கூடத்தில், தன்னைப் போன்றவனிடம் பேசுவதாக நினைத்து ஒருவன் எழுதிய கோடு, பத்து வருஷத்துக்குள் எங்கெல்லாம் போய் நிற்க முடியும் என்பதை மட்டும் சொல்கிறேன். நாட்டின் பாதுகாப்பு கருதி அரசாங்கம் குறுக்கிட்டது. நோயாளியின் அந்தரங்கம் கருதிக் குறுக்கிட அப்படி ஒரு குழு இருப்பதாகத் தெரியவில்லை.

அதற்குள் அந்தக் கோட்டை எழுதியவன் பெரும்பாலும் இறந்துபோயிருப்பான். இந்த நோயின் கணக்கு அப்படி. இறந்தவன் கையெழுத்தைத் திரும்பப் பெற முடியாது. விலகிப் போகவும் முடியாது. கணக்கு மூடிய பிறகும் கடமை மூடுவதில்லை என்று ஒன்பது பவுன் கடன்காரன் விஷயத்தில் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நாற்பத்தெட்டிலிருந்து சைபருக்கு இறங்கிய கோட்டின் விஷயத்தில் அதைவிடக் குறைவான கடமையை ஏற்பது எப்படி நியாயமாகும்?

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் ஒன்றும் இல்லை. கேட்கிறவன் தான் யார் என்று சொல்லிவிட்டுக் கேட்கட்டும். மனிதனாயினும் சரி, மென்பொருளாயினும் சரி. எதற்காகச் சொல்லப்பட்டதோ அதற்கு அப்பால் கொண்டுபோக நினைத்தால் திரும்ப வந்து கேட்கட்டும். பழைய காகிதத்தைக் காட்ட வேண்டாம். கூடம் கை மாறினால், வாக்கு கட்டடத்தோடு சேர்ந்து விற்கப்படுவதில்லை என்பது ஒப்பந்தத்தில் இருக்கட்டும். இறந்தவர்களின் எழுத்துக்கு முதலில். பெயரை மறைப்பதும் பூட்டுப் போடுவதும் இவற்றுக்குத் துணை. இவற்றுக்குப் பதிலாகா.

இவை இல்லாவிட்டால் நடக்கப்போவதை ஊகிப்பது கஷ்டமல்ல. நோயாளிகள் மௌனமாகிவிடுவார்கள். அம்பலமாகி அவமானப்பட்டவர்களைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதும். பேசாமல் இருந்துவிட்டவர்களைப் பற்றி எழுத எதுவும் இராது. நாளைக்கு எங்கோ ஓர் ஊரில் ஒருவனுக்குச் சட்டைப் பொத்தானில் விரல் மடங்காது. அவன் இரவில் தேடுவான். அவனுக்கு முன்னால் இதே விரலோடு இருந்தவர்கள் யாரும் ஒன்றும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள்.